குளிர்காலம் கழிந்தபின் சாடி வாழையை மீண்டும் தளிர்க்க வைத்தல்

மார்ச் மாத நடுவில், கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் வாழை வளர்க்கும் வீடொன்றின் நிலவறைக்குள் இறங்கினால், வெப்ப உலைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் இடையில் எங்கோ ஒரு சாடி நிற்கும். அதில் இருப்பது வாழை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். இலைகள் சருகாகித் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். வெளிப்பட்டைகள் பழுப்பேறிக் காகிதம்போல் சுருண்டிருக்கும். மண் காய்ந்து சாடியின் விளிம்பை விட்டு விலகியிருக்கும். வீட்டுக்கு வருபவர்கள் இதை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது உயிரோடுதான் இருக்கும், ஆனால் அதைக் காப்பாற்ற நாம் அவசரப்பட்டுச் செய்யும் முதல் காரியமே அதன் உயிரை எடுத்துவிடக் கூடும். நான் ரொறன்ரோவுக்கு வந்த பிறகு பறிகொடுத்த மூன்று வாழைகளில் ஒன்றுகூடப் பனிக்காலத்தில் சாகவில்லை. மூன்றும் ஏப்ரலில், என் கையால் ஊற்றிய தண்ணீரில் அழுகித்தான் செத்தன.

முதல் வாழையின் கதை இப்போதும் நினைவில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் வெயில் நன்றாக எறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதக்கணக்காகத் தண்ணீர் காணாத அந்தச் சாடியைப் பார்த்து மனம் இரங்கி, அரை வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டேன். ஊரில் வாழைக்குத் தண்ணீர் கட்டிப் பழகிய கைக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. பத்து நாள் கழித்து நிலவறையில் புளித்த சாக்கடை நாற்றம் அடித்தது. தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தபோது அது வெங்காயத்தாள்போல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பு நிறக் கூழ் மட்டும் மிஞ்சியிருந்தது.

ஏன் அப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால், செய்ய வேண்டியவற்றின் வரிசை தானாகவே விளங்கும். வாழை குளிர்காலத்தில் உறங்குகிறது என்று நாம் சொல்வது ஒரு வசதிக்காகத்தான். வாசலில் நிற்கும் மேப்பிள் மரம் உண்மையாகவே உறங்குகிறது: பகல் குறுகும்போதே இலையை உதிர்த்து, மொட்டைச் செதில்களால் மூடி, குறிப்பிட்ட அளவு குளிரைக் கடந்த பிறகே விழிப்பதற்கு ஆயத்தமாகிறது. வாழைக்கு அப்படியொரு ஏற்பாடே கிடையாது. அது வெப்ப மண்டலத்துப் பயிர். 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் துள்ளி வளரும். ஏறக்குறைய 15 பாகைக்குக் கீழே இறங்கினால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். உறைபனி பட்டால் இலை கருகும். நின்றுபோன வாழையின் வேர் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. இலை இல்லாததால் தண்ணீர் ஆவியாகிப் போகவும் வழியில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஊற்றிய நீர் குளிர்ந்த மண்ணிலேயே தேங்கி, வேரைச் சுற்றியிருக்கும் காற்றை வெளியேற்றிவிட, அழுகல் கிருமிகள் கிழங்குக்குள் புகுந்துவிடுகின்றன. ஆகவே வாழைக்கு முதலில் வெப்பமும், அடுத்து வெளிச்சமும், பின்னர் தண்ணீரும், எல்லாவற்றுக்கும் கடைசியில் உரமும் கொடுக்க வேண்டும். இந்த வரிசையைக் குலைத்தால் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பயனில்லை.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது

நாம் தண்டு என்று சொல்லும் பகுதி, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் இலைப்பட்டைகளின் உருளை என்பது வாழைத்தண்டு சமைத்தவர்கள் அனைவருக்கும் தெரியும். குலை தள்ளாத வாழைக்கு உள்ளே தின்னக்கூடிய அந்த வெள்ளைத் தண்டும் இருக்காது. இலைகளை உருவாக்கும் வளர்முனை அப்போது மண்மட்டத்தை ஒட்டி, கிழங்கின் தலையில் உட்கார்ந்திருக்கும். மேலே இரண்டடி உயரத்துக்குப் பட்டைகள் செத்துப்போயிருந்தாலும், அந்த ஓரங்குல இடம் நலமாக இருந்தால் வாழை பிழைத்துவிடும்.

முதலில் தண்டின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெளிப்பட்டை உலர்ந்திருந்தாலும் உள்ளே இறுக்கமாக இருந்தால் நல்லது. அழுத்திய இடம் பஞ்சுபோல் உள்ளே போய், விரலில் ஈரம் கசிந்தால் அழுகல் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு கூரான கத்தியொன்றை எடுத்து, வெந்நீரிலோ மதுசாரத்திலோ துடைத்துவிட்டு, தண்டின் உச்சியிலிருந்து இரண்டு விரல் தடிப்புத் துண்டுகளாக அறுத்துக்கொண்டு கீழே வாருங்கள். பழைய சட்டை அணிந்திருப்பது நல்லது, ஏனென்றால் வாழைக்கறை எந்தச் சலவைத் தூளுக்கும் போகாது.

முதல் துண்டுகளின் வெட்டுமுகம் பழுப்பாகவும் இடையில் வெற்றிடமாகவும் இருக்கும். கீழே வர வர வெளிவளையங்கள் பழுப்பாக இருந்தாலும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். அடுத்த துண்டில் அந்தப் புள்ளி ஒரு காசளவு விரிந்து, வெளிர்மஞ்சள் நிறத்தில், சுருட்டி வைத்த காகிதத்தின் நுனிபோல் சுருள் சுருளாகத் தெரியும். அதுதான் குருத்து. அறுத்த சில நிமிடங்களில் அந்த வெட்டுமுகத்தில் நீர்த்துளிகள் அரும்பினால் வேர் வரைக்கும் உயிர் இருக்கிறது. அந்த இடத்திலேயே அறுப்பதை நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்ப்போம் என்ற ஆவலை அடக்குவது கடினம், ஆனால் அடக்கத்தான் வேண்டும். மிஞ்சியிருக்கும் ஒவ்வோர் அங்குலப் பட்டையிலும் அடுத்த இலைக்கான நீரும் சத்தும் சேமிப்பாக இருக்கின்றன. மேலும், பல ஆண்டு வளர்ந்து குலை தள்ளும் பருவத்தை எட்டிய வாழையில் வளர்முனை கிழங்கிலிருந்து புறப்பட்டுத் தண்டுக்குள் ஏறத் தொடங்கியிருக்கக்கூடும். அதை அறுத்துவிட்டால் அந்த மரம் இனிப் பூக்காது, கிழங்கின் பக்கத்திலிருந்து கிளம்பும் குட்டிகளை மட்டும் நம்ப வேண்டியதுதான்.

குருத்தைக் காணாமலேயே மண்மட்டத்துக்கு வந்துவிட்டால் சாடியைக் கவிழ்த்துக் கிழங்கைப் பார்க்க வேண்டும். மண்ணை உதிர்த்துவிட்டு நகத்தால் கிழங்கின் தோலைச் சுரண்டினால், உள்ளே பச்சை உருளைக்கிழங்குபோல் வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருப்பது உயிருள்ள கிழங்கு. பழுப்பாகி நாறும் பகுதி எவ்வளவு இருந்தாலும் இரக்கமின்றிச் செதுக்கி எறியுங்கள். செதுக்கிய முகத்தில் விறகுச் சாம்பலையோ கந்தகத் தூளையோ பூசி, நிழலில் ஒன்றிரண்டு நாள் உலரவிட்டுப் புதிய மண்ணில் வையுங்கள். ஒரு தேங்காயளவு கிழங்கில் கைப்பிடியளவுதான் மிஞ்சியது என்றாலும், அதில் ஒரு கண் இருந்தால் குட்டி வரும். கறுத்துச் சுருங்கிய பழைய வேர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் வேர்களில் பெரும்பகுதி செத்துப்போவது வழக்கம். புது வேர்கள் கிழங்கிலிருந்து நேரடியாக, வெள்ளைக் கயிறுபோல் புறப்படும்.

இங்கே இனத்தைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் சாடி வாழையாக விற்கப்படுவது பெரும்பாலும் குட்டைக் கேவண்டிஷ். மேலே சொன்னதெல்லாம் அதற்குப் பொருந்தும். ஜப்பான் வாழை என்று விற்கப்படும் பாஸ்ஜூ இனத்தின் பூர்வீகம் தென்சீனம். அதன் பழம் தின்ன உதவாது, ஆனால் கிழங்கு குளிரை நன்றாகத் தாங்கும், ஆகவே அதை மீட்பதில் அதிகக் கவலை வேண்டாம். சிவந்த அகன்ற இலையோடு அழகுக்காக விற்கப்படும் அபிசீனிய வாழைக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. அது உண்மையில் வாழையின் ஒன்றுவிட்ட உறவான என்செட் இனம். இயல்பாகக் குட்டி போடாது. அதன் நடுக்குருத்து அழுகிவிட்டால் காத்திருந்து பயனில்லை.

வெப்பமும் வெளிச்சமும்

மீட்கும் வேலையை மார்ச் கடைசி வாரத்துக்கு முன் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. டிசம்பர் இறுதியில் ரொறன்ரோவின் பகல் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்; மார்ச் 20ஐ ஒட்டி அது பன்னிரண்டு மணியைத் தொடுகிறது. அதற்கு முன்பே வாழையைக் கிளப்பினால் வரும் இலை வெளிறி, மெலிந்து, வெளிச்சத்தைத் தேடி நீண்டு, தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் மடியும். ஜனவரியில் அவசரப்படுபவர்கள் குறைந்தது நல்ல வளர்ப்பு விளக்கு ஒன்றாவது வைத்திருக்க வேண்டும்.

சாடியை நிலவறையிலிருந்து மேலே கொண்டுவந்து, வீட்டில் அதிக வெயில் விழும் தெற்கு யன்னலருகே வையுங்கள். அறையின் வெப்பத்தைக் காட்டிலும் மண்ணின் வெப்பம்தான் முக்கியம். அறை 21 பாகையில் இருந்தாலும் யன்னலோரத் தரையில் இருக்கும் சாடியின் மண் 15 பாகையில் இருப்பதை இறைச்சிக்குப் பயன்படுத்தும் குத்து வெப்பமானியால் அளந்து பார்த்தபோதுதான் நானே நம்பினேன். நாற்றுகளுக்கென்று விற்கப்படும் மின்வெப்ப விரிப்பைச் சாடிக்கு அடியில் போட்டு மண்ணை 22 முதல் 26 பாகைக்குள் வைத்திருப்பது, இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது. விரிப்பு இல்லையென்றால் சாடியைத் தரையிலிருந்து உயர்த்தி ஒரு மரப்பலகையின்மீது வைக்கலாம். வெப்பக் காற்று வரும் துளைக்கு நேரே மட்டும் வைக்க வேண்டாம். அந்த வறண்ட காற்று குருத்தின் நுனியைக் காய்ச்சிவிடும்.

இப்படி ஐந்தாறு நாள் மண் சூடேறிய பிறகுதான் முதல் தண்ணீர். ஓரடி அகலச் சாடிக்கு ஒரு தம்ளர், அதாவது சுமார் 250 மில்லிலீற்றர் போதும். குழாய்த் தண்ணீர் இந்த மாதத்தில் கை விறைக்கும் அளவுக்குக் குளிராக இருக்கும், ஆகவே வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாக்கி, தண்டில் படாமல் சாடியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். அறுத்த தண்டின் நடுவில் தண்ணீர் விழுந்தால் குருத்து அழுகும். அடுத்த தண்ணீர் எப்போது என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சுட்டுவிரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டு, அங்கேயும் ஈரம் ஒட்டவில்லை என்றால் மட்டும் இன்னொரு தம்ளர் கொடுக்கலாம்.

காத்திருக்கும் நாட்களில் வாழை வளர்கிறதா இல்லையா என்பதை அறிய ஒரு சின்ன உத்தி இருக்கிறது. அறுத்த தண்டின் வெட்டுமுகம் உலர்ந்ததும், குமிழ்முனைப் பேனாவால் நடுக்குருத்திலிருந்து வெளிப்பட்டை வரைக்கும் குறுக்காக ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். வாழை உயிரோடு இருந்தால் குருத்து மட்டும் மேலே எழும். கோட்டின் நடுப்பகுதி ஒரு சிறு மேடையில் ஏறி நிற்பதுபோல் மற்றப் பகுதியை விட்டுப் பிரிந்து தெரியும். மண் சூடாக இருக்கும் சாடியில் முதல் தண்ணீருக்குப் பிறகு ஒரு வாரத்திலேயே கோடு உடைவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று வாரம் எடுத்ததும் உண்டு. ஒருமுறை எழத் தொடங்கிய பிறகு ஒரே இரவில் விரல் அகலம் வளர்ந்துவிடும், காலையில் தேநீர்க் கோப்பையோடு வந்து பார்ப்பவருக்கு அது தெரியும். கிழங்கிலிருந்து மட்டும் வர வேண்டிய குட்டிக்கு இரண்டு மாதம்வரை பொறுக்கலாம். ஜூன் கடைசி வரைக்கும் மண்ணில் எந்த அசைவும் இல்லையென்றால் கைவிடலாம்.

குருத்து எழுந்த பிறகு

முதலில் வரும் இலையைப் பார்த்து மனம் சோரத் தேவையில்லை. அதன் நுனியை நீங்கள் அறுத்திருப்பீர்கள், ஆகவே அது கத்தரியால் நறுக்கியதுபோல் நேராக முடியும். அடுத்த இலை ஒடுங்கியும், சுருங்கியும், ஓரங்கள் பழுப்பேறியும் வரலாம். அது குளிர்காலத்தில் பட்டைகளுக்குள் நெருக்குண்டு கிடந்த இலை. மூன்றாவது இலையில்தான் வாழையின் உண்மையான உடல்நிலை தெரியும். சில வேளைகளில் காய்ந்த வெளிப்பட்டை இறுகிப்போய்க் குருத்தை வெளியே வரவிடாமல் நெரிக்கும். அப்போது அந்தப் பட்டையை மட்டும் மேலிருந்து கீழாக ஒரு கீறு கீறி, விரலால் நெகிழ்த்திவிட்டால் போதும். சுருண்டிருக்கும் இலையைப் பிடித்து இழுத்து விரிக்க முயல வேண்டாம், கிழியும்.

இரண்டாவது இலை விரிந்ததும் தண்ணீரின் அளவைக் கூட்டலாம். இலை பெருகப் பெருக வாழை குடிக்கும் நீரும் பெருகும். ஜூலை மாதத்தில் அதே சாடி தினமும் கேட்கும். எந்தப் பருவத்திலும் சாடியின் கீழ்த்தட்டில் தேங்கும் நீரை அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது.

சாடி மாற்ற வேண்டுமானால் இதுவே நேரம். புதிய சாடி பழையதைவிட ஐந்து சென்றிமீற்றர் அகலம் கூடியிருந்தால் போதும். ஒரேயடியாகப் பெரிய சாடிக்கு மாற்றினால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிப் பழைய ஆபத்தே திரும்பி வரும். கடைச் சாடிமண் மூன்று பங்கு, நீர் வடிய உதவும் வெண்ணிறப் பொரிகல்லான பேர்லைட் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு என்ற கலவை எனக்கு ஒத்துவந்திருக்கிறது. தோட்டத்துக் களிமண்ணைச் சாடியில் போடாதீர்கள். கிழங்கைப் பழைய ஆழத்தைவிட ஓரங்குலம் தாழ்த்தி வைத்தால் புது வேர்களுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

தாய்மரம் பலவீனமாக இருந்து பக்கத்தில் குட்டிகள் கிளம்பினால், அவற்றில் எதை வைத்திருப்பது என்பதை ஊரில் பார்ப்பதுபோலவே பார்க்க வேண்டும். ஈட்டிபோல் ஒடுங்கிய இலையும் தடித்த அடியும் உள்ள குட்டி ஆழமான கிழங்கிலிருந்து வருவது; அது நல்ல மரமாகும். பிறந்தவுடனேயே அகன்ற இலை விரித்து நிற்கும் குட்டி பார்வைக்கு அழகு, ஆனால் அடியில் வலு இருக்காது. ஒரு சாடிக்கு ஒரு தாயும் ஒரு குட்டியும் போதும். குட்டியைப் பிரித்து நண்பருக்குக் கொடுக்க நினைத்தால், அது ஓரடி உயரம் வளர்ந்து தனக்கென்று வேர் விடும்வரைக்கும் காத்திருங்கள்.

உரத்தை மூன்றாவது இலைக்கு முன் தொடக்கூடாது. வேர் இல்லாத வாழைக்குக் கொடுத்த உரம் மண்ணில் உப்பாகச் சேர்ந்து, பின்னால் வரும் இலைகளின் ஓரத்தைக் கருக்கும். தொடங்கும்போது போத்தலில் எழுதிய அளவில் பாதியை எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். வாழை பொட்டாசியத்தை அதிகம் கேட்கும் பயிர் என்பதால், உரப் பொதியில் உள்ள மூன்று எண்களில் மூன்றாவது எண் முதல் எண்ணுக்குக் குறையாமல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வாழைப்பழத் தோலைச் சாடியில் புதைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வீட்டுக்குள் அதைச் செய்தால் வாழைக்குக் கிடைப்பதைவிட ஈரமண்ணில் முட்டையிடும் சிறு கறுப்புப் பூச்சிகளுக்குக் கிடைப்பதே அதிகம்.

பூச்சி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெப்ப உலை ஓடும் வீட்டின் வறண்ட காற்று செஞ்சிலந்திப் பேனுக்கு மிகவும் பிடித்தமானது. புது இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால், இலையின் அடியில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து மேலே தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நடக்கத் தொடங்கினால் அது பேன். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் இலையின் இருபுறத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, ஈரத்துணியால் துடைத்து, ஐந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பட்டை இடுக்குகளில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியை மதுசாரத்தில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும்.

வெளியே கொண்டுபோவது

ரொறன்ரோவில் தோட்ட வேலைக்கு விக்டோரியா தினத்தை, அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமையை, எல்லையாக வைத்திருக்கும் வழக்கம் வாழைக்கும் பொருந்தும். பகலில் 20 பாகை வெயில் அடித்தாலும் இரவு 10 பாகைக்குக் கீழே போகும் நாட்கள் முடியும்வரைக்கும் சாடி உள்ளேயே இருக்கட்டும். ஒரு குளிர் இரவு வாழையைக் கொல்லாது என்றாலும், இரண்டு வார வளர்ச்சியைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

வெளியே வைத்த முதல் நாளே வெயிலில் நிறுத்தினால், கண்ணாடிக்குப் பின்னால் விரிந்த இலைகள் வெந்துபோகும். இரண்டு நாளில் நடுநரம்பின் இருபுறமும் வெள்ளைத் திட்டுகள் தோன்றி, பின் பழுப்பாகி உலரும். முதல் மூன்று நாள் வீட்டின் வடக்குப் பக்க நிழலிலும், அடுத்த நான்கைந்து நாள் காலை வெயில் மட்டும் விழும் இடத்திலும், அதன் பிறகு திறந்த வெளியிலும் என்று பத்து நாளில் பழக்குங்கள். அப்படியும் உள்ளே வளர்ந்த இலைகளில் ஒன்றிரண்டு கருகத்தான் செய்யும். வெளியே விரியும் இலைகள் தடிப்பாகவும் கரும்பச்சையாகவும் வரும். காற்றில் இலை நரம்பு வழியே கிழிந்து தோகையானால் வருந்த வேண்டாம். கிழிந்த இலையும் அதே வேலையைச் செய்கிறது, தலைவாழை இலைக்கு ஆசைப்படுபவர்களுக்கு மட்டும்தான் அது நட்டம். அவர்கள் சாடியை மதில் மறைவில் வைக்கலாம்.

இவ்வளவு பாடுபட்டும் குலை கிடைக்குமா என்ற கேள்வி வரும். கேவண்டிஷ் வாழை முப்பது, நாற்பது இலைகளை விரித்த பிறகே பூக்கும். ஆண்டுக்கு நான்கைந்து மாதம் மட்டும் வளரும் சாடியில் அதற்குப் பல கோடைகள் தேவைப்படும். முடியாத காரியமன்று. இன்று உலகச் சந்தையை ஆளும் கேவண்டிஷ் என்ற பெயரே, இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த் மாளிகையில் 1830களில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் கண்ணாடிக் கூடத்துக்குள் வெப்பமூட்டி வளர்த்துப் பழுக்க வைத்த வாழைக்கு, அவருடைய எசமானரான டெவன்ஷயர் கோமகனின் குடும்பப் பெயரைச் சூட்டியதால் வந்தது. அவரிடம் கூடத்தைச் சூடாக வைத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். நம்மிடம் இருப்பது ஒரு வெப்ப விரிப்பும் தெற்கு யன்னலும். என் வீட்டு வாழை இதுவரை பொத்தி தள்ளவில்லை, ஆனால் சென்ற ஆவணியில் வீட்டுக்கு வந்த ஆறு பேருக்கும், கடையில் வாங்கிய உறைந்த இலையைக் கரைய வைக்காமல், அதிலிருந்து நறுக்கிய இலையில்தான் சோறு போட்டோம்.